கண்டிக்கோட்டையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்

கண்டிக்கோட்டைக்குப் போகிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள், மசூதியையும் கோயிலையும் எட்டிப் பார்க்கிறார்கள், பாறைகளில் தாவித் தாவி மலை விளிம்புக்குப் போகிறார்கள். கீழே சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு வளைந்து கிடக்கிறது. சூரியன் இறங்கும்வரை படம் எடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறித் திரும்புகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான். கோட்டை என்பது அந்தக் காட்சிக்குப் போகும் வழியில் இருக்கிற பழைய சுவர் என்ற அளவில்தான் மனதில் நின்றது.

இரண்டாவது முறை போனபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கோட்டையின் கதை ஆற்றுப் பக்கம் நடக்கவே இல்லை. அது நடந்ததெல்லாம் நாம் காரில் ஐந்தே நிமிடத்தில் கடந்து வந்துவிடுகிற வாசல் பக்கம்.

ஊர் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகிலிருந்து 15 கிலோமீட்டரில் இருக்கிறது. கீழே ஓடுவது தெலுங்கில் பென்னா. நாம் வடபெண்ணை என்போம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 597 கிலோமீட்டர் ஓடி, நெல்லூருக்கு அப்பால் கடலில் கலக்கிற ஆறு. நம் தென்பெண்ணையும் அதே மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. ஒன்று ஓசூர், சாத்தனூர், கடலூர் என்று தெற்கே இறங்கிவிட்டது. மற்றது வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, வழியில் குறுக்கே நின்ற எர்ரமலையைச் சுற்றிப் போகாமல் நடுவே அறுத்துக்கொண்டு போய்விட்டது. அப்படி அறுத்த இடம்தான் கண்டிக்கோட்டை. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் இடைவெளி, உடைப்பு. ஏரிக்கரை உடைந்தால்கூட ‘கண்டி விழுந்தது’ என்றுதான் சொல்வார்கள். மலையில் ஆறு போட்ட உடைப்புக்குப் பக்கத்தில் கட்டிய கோட்டை. பெயரில் வேறு மர்மம் எதுவும் இல்லை. இலங்கையின் கண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

பாறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் பல இடங்களில் இதைச் சிவப்பு கிரானைட் மலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிரானைட் இல்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமில்லாத கடலில் படிந்த மணல், அழுந்தி இறுகி, குவார்ட்சைட் என்ற கடினமான பாறையாக மாறியது. புவியியலாளர்கள் இந்த அடுக்குக்கே ‘கண்டிக்கோட்டை குவார்ட்சைட்’ என்று இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். படுக்கைவசமாக அடுக்கடுக்காகவும், செங்குத்தாக விரிசல் விட்டும் இருப்பதால், அடியை ஆறு அரிக்க அரிக்க மேலே கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழும். சுவர் சரிவாகாமல் நட்டமாகவே நிற்கும். யாரோ பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி பள்ளத்தாக்கு தெரிவதற்குக் காரணம் இதுதான். கோட்டைச் சுவருக்கும் இதே கல்தான் என்பதால், மாலை வெயிலில் மலை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்ற பட்டம் சுற்றுலாவுக்கு நல்லதாக இருக்கலாம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் இருக்கிற அது 446 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 1.8 கிலோமீட்டர். இது கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அடங்கிவிடுகிற இடுக்கு. குறுகலான இடங்களில் எதிர்க்கரை 300 அடிதான். இந்த இடத்தின் பெருமை அதன் அளவில் இல்லை. இந்த இடுக்கை ஒரு சுவராகப் பயன்படுத்தலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியதே, அதில் இருக்கிறது.

சரி, கோட்டைக்கு வருவோம்.

மலைக்கோட்டை கட்டுகிறவனுக்கு இருக்கிற பெரிய தலைவலி மதிலின் நீளம். நீளம் கூடக் கூடக் கல் வேண்டும், அதைவிட ஆள் வேண்டும். இரவு பகலாக யார் நிற்பது, அவர்களுக்கு யார் சோறு போடுவது? ஒரு பக்கம் ஆறே செங்குத்தாக அறுத்து வைத்திருந்தால் அந்தப் பக்கத்துக்குப் பெயருக்கு ஒரு சுவர் போதும். 1652 செப்டம்பரில் இங்கே வந்து தங்கிய பிரெஞ்சு நகை வியாபாரி ழான் பத்தீஸ்த் தவெர்னியே இதை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். அவர் எழுதி வைத்திருப்பதன் சாரம் இது: மேலே ஏறும் பாதை 20, 25 அடி அகலம், சில இடங்களில் 7, 8 அடிதான். ஒரு பக்கம் அதல பாதாளம், அடியில் பெரிய ஆறு. மேலே ஏறினால் நெல்லும் தினையும் விளைகிற சமநிலம், அதற்கு ஊற்றுத் தண்ணீர். ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் பள்ளம்தான். சமவெளிப் பக்கமாக நுழைய ஒரே வாசல், அதற்கு மூன்று கல்மதில்களும் அகழியும். ஆகவே முற்றுகை வந்தால் காவல் காக்க வேண்டிய இடம் மொத்தமே நானூறு, ஐந்நூறு தப்படி.

அந்த நானூறு தப்படியில்தான் கண்டிக்கோட்டையின் முழுப் பலமும் இருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போதைய தார்ச்சாலையே அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. காரை விட்டு இறங்கி நடந்து போனால், வழி நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போவது தெரியும். வெளிவாசலைத் தாண்டியவன் நேரே உள்வாசலில் மோதிவிட முடியாது. ஒரு முற்றத்தில் மாட்டிக்கொள்வான், நாலு பக்கமும் மேலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓடி வந்து முட்டுகிற யானைக்கு ஓட இடம் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் திருப்பத்தின் கணக்கு. இரும்பு முள் பதித்த மரக்கதவும் யானையின் நெற்றிக்குத்தான். தக்காணத்துக் கோட்டைகள் பலவற்றிலும் இதே உத்தி உண்டு. யானைக்கு எதிராக நன்றாக யோசித்துக் கட்டிய வாசல் இது. பீரங்கிக்கு எதிராக என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆற்றங்கரைக் கோட்டை என்றதும் தண்ணீர்க் கவலை இல்லை என்று தோன்றும். நேர்மாறு. ஆறு பல நூறு அடி பள்ளத்தில் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு குடம் மேலே வராது. அதுவும் ராயலசீமையின் ஆறு, மழை போனால் மணல்தான். மேலே இருக்கிற ஊருக்குக் குடிக்க மழையும் ஊற்றும் மட்டும்தான். கோட்டைக்குள் ராயல செருவு என்ற ஏரியும், மசூதிக்குப் பக்கத்தில் கத்துல கோனேறு என்ற குளமும் இருப்பது இதற்காக. கத்துல கோனேறு என்றால் வாள்களின் குளம். போர் முடிந்து வாள்களைக் கழுவிக் கழுவித் தண்ணீர் சிவந்துபோனது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சிவப்புப் பாறைக்கு நடுவே இருக்கிற குளம் சிவப்பாகத் தெரிய வாள் எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கதை சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் மனம் வராது.

யார் கட்டியது? கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் சோமேசுவரனுக்கு அடங்கிய காக ராஜா என்பவர் 1123இல் கட்டினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற பதில். எல்லாச் சுற்றுலாக் குறிப்புகளிலும் இதுதான் இருக்கிறது. ஆனால் ஆகவமல்லன் நமக்குத் தெரிந்த ஆள் ஆயிற்றே! சோழர் மெய்க்கீர்த்திகளில் அடிக்கடி அடி வாங்குகிறவர். 1054இல் கொப்பத்தில் இவரோடு மோதித்தான் ராஜாதிராஜ சோழன் யானைமேலேயே உயிர்விட்டு, ‘யானைமேல் துஞ்சின தேவர்’ ஆனான். அந்த ஆகவமல்லன் 1068இல் துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டுவிட்டார். 1123 என்பது அவர் மகன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலம். அதாவது ஆண்டு சரியென்றால் மன்னன் பெயர் தப்பு, மன்னன் சரியென்றால் ஆண்டு தப்பு. முதலில் இருந்தது மண்கோட்டை என்றும் சொல்கிறார்கள். இன்று நாம் பார்க்கிற கல்மதிலின் காலம் அதற்கு வெகு பின்னால், விஜயநகரத்தோடு சேர்ந்தது.

அந்தக் காலத்து ஆட்கள் பெம்மசானி நாயக்கர்கள். விஜயநகரப் பேரரசுக்குப் படை திரட்டிக் கொடுத்த குடும்பம். கிருஷ்ணதேவராயரின் போர்களில் பெம்மசானி ராமலிங்க நாயுடுவின் பெயர் தெலுங்கு மரபில் பெரிதாகப் பேசப்படும். இவர்களிடம் எவ்வளவு பணம் புழங்கியது என்பது கண்டிக்கோட்டையில் தெரியாது. ஆற்றோடு மேலே போய்த் தாடிபத்திரியில் இறங்கிப் பார்க்க வேண்டும். பென்னா கரையில் புக்க ராமலிங்கேசுவரர் கோயிலும், ஊருக்குள் சிந்தல வேங்கடரமணர் கோயிலும் இந்தக் குடும்பம் கட்டியவை. ராமலிங்கேசுவரர் கோயிலின் முடியாத கோபுரத்தில் ஒரு விரல் வைக்க இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கண்டிக்கோட்டைக்கு இரண்டு நாள் ஒதுக்குகிறவர்கள் அரை நாளை அங்கே செலவழிப்பது நல்லது.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்த பிறகு தலைநகரம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று நகர்ந்துகொண்டே போனது. ராஜாக்கள் இடம் மாறினாலும் மலைக்கோட்டை மாறாது. வடக்கே கோல்கொண்டாவிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு எதிரே கண்டிக்கோட்டை நின்றது.

இறங்கி வந்தவர் மீர் ஜும்லா. இயற்பெயர் முகமது சையது, ஈரானின் அர்திஸ்தான் ஊர்க்காரர். வியாபாரியாக வந்து, வைரத்தில் சம்பாதித்து, கோல்கொண்டா சுல்தானுக்கு முதன்மை அமைச்சராகி, 1640களில் சுல்தான் பெயரைச் சொல்லிக் கர்நாடகப் பிரதேசத்தைத் துண்டு துண்டாகப் பிடித்தார். அன்றைக்குக் கர்நாடகம் என்றால் கடப்பாவிலிருந்து நம் பூந்தமல்லி, மயிலாப்பூர் வரைக்கும் உள்ள நிலம். ஆங்கிலேயர்கள் சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அவர்களும் இவருடைய தயவில்தான் இருக்க வேண்டியிருந்தது. பென்னாவின் கரைகளில் வைரம் கிடைத்தது. கடப்பா பக்கத்துச் சென்னூரில் ஆற்றுச் சரளையைத் தோண்டி வைரம் எடுத்திருக்கிறார்கள். வைர வியாபாரி ஒருவர் இந்த ஆற்றங்கரைக் கோட்டைமேல் கண் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

1650இல் கோட்டை விழுந்தது. தவெர்னியே வந்தது இரண்டே ஆண்டு கழித்து என்பதால், சண்டையில் இருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்க வேண்டும். கோட்டைக்குள் இருந்தவை இரண்டே இரும்புப் பீரங்கிகள், இரண்டும் சிறியவை. மீர் ஜும்லாவிடம் இருந்தவர்கள் ஐரோப்பியப் பீரங்கிக்காரர்கள். அந்தக் குறுகலான மலைப்பாதையில் நான்கு பீரங்கிகளை இழுத்து ஏற்றினால் சம்பளத்துக்கு மேல் நாலு மாதக் கூலி என்று ஆசை காட்டினார். ஏற்றிவிட்டார்கள். வாசலை நோக்கிப் பீரங்கி பேசத் தொடங்கியதும் உள்ளே இருந்தவர்கள் உடன்படிக்கைக்கு வந்தார்கள். பள்ளத்தாக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, அந்தப் பக்கம் எவனும் ஏறவில்லை. நானூறு தப்படிதான் போதவில்லை. எதிரி எங்கிருந்து வருவான் என்று கோட்டைக்காரனுக்குத் தெரியும் என்பது பலம். எங்கே சுட வேண்டும் என்று எதிரிக்கும் தெரியும் என்பது அதற்குள்ளேயே இருந்த பலவீனம்.

தவெர்னியே இவ்வளவு தூரம் வந்தது ஊர் பார்க்க அல்ல, முத்தும் நகையும் விற்க. மீர் ஜும்லா பார்த்துச் சரி என்று சொல்லாமல் கோல்கொண்டா சுல்தான் எதையும் வாங்க மாட்டார் என்பதால், முதலில் இங்கே காட்ட வேண்டியிருந்தது. அவர் பார்த்த ஒரு காட்சி எனக்கு இந்த மலையில் எந்தக் கட்டடத்தைவிடவும் பிடித்தது. மீர் ஜும்லா கூடாரத்தில் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கால்விரல் இடுக்குகளிலெல்லாம் கடிதங்கள். இடது கைவிரல் இடுக்குகளிலும் கடிதங்கள். காலிலிருந்து ஒன்றை உருவுகிறார், கையிலிருந்து ஒன்றை உருவுகிறார், எழுத்தர்களிடம் பதில் சொல்லிக்கொண்டே போகிறார், சிலவற்றைத் தானே எழுதுகிறார். நடுவில் குற்றவாளிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்த இடத்திலேயே விசாரணை, அந்த இடத்திலேயே தீர்ப்பு. இந்த நாட்டில் ஆட்களைச் சிறையில் போட்டு வைக்கிற வழக்கமே இல்லை என்று வேறு தவெர்னியே குறித்திருக்கிறார். கோட்டைக்குள் ‘ஜெயில்’ என்று வழிகாட்டிகள் காட்டுகிற கட்டடத்துக்குள் நுழைகிறபோது எனக்கு இந்த வரி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

அப்புறம் பீரங்கிக் கதை. கோட்டையைப் பிடித்துக் கொடுத்தது பீரங்கி என்பதால் மீர் ஜும்லாவுக்கு அதில் மோகம் வந்துவிட்டது. 48 பவுண்டு குண்டு போடுகிற பத்து, 24 பவுண்டு குண்டு போடுகிற பத்து, ஆக இருபது பீரங்கிகளை இங்கேயே வார்க்க வேண்டும் என்று மையே என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். செம்புக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரக் கோயில்களின் செப்புத் திருமேனிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். பலவும் உருகின. கண்டிக்கோட்டைக் கோயிலில் இருந்த ஆறு சிலைகள் மட்டும் என்ன செய்தும் உருகவில்லையாம். கோயில்காரர்கள் மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று மையே குற்றம் சாட்டினார். உலையில் போதுமான சூடு ஏற்றத் தெரியாதவர் சொன்ன சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசியில் உருப்படியாக ஒரு பீரங்கிகூட வார்க்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். உருகிய சிலைகள் உருகியவைதான்.

இதைத் தெரிந்துகொண்டு மாதவராய சுவாமி கோயிலுக்குள் போவது வேறு அனுபவம். கோபுரம் நிற்கிறது, மண்டபத்தின் தூண்கள் நிற்கின்றன, கருவறை காலி. ரங்கநாதர் கோயிலிலும் அப்படியே. கொஞ்ச தூரத்தில் ஜாமியா மசூதி, அழகான வளைவுகளோடு சுற்றிலும் தாழ்வாரம். அதை ஒட்டி, வளைவுக் கூரை போட்ட பெரிய தானியக் களஞ்சியம். முற்றுகைக்குப் பயந்து வாழ்ந்த ஊர் என்பதை எனக்கு மற்ற எதையும்விட அந்தக் களஞ்சியம் அதிகமாகச் சொன்னது. மாதக்கணக்கில் வாசலை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் மதிலைவிட அரிசி முக்கியம். ‘சார்மினார்’ என்று ஊரார் சொல்கிற கோபுரத்தைத் தேடி ஐதராபாத் அளவுக்கு எதிர்பார்த்துப் போகாதீர்கள். புறாக்கூண்டு என்று சொல்லப்படுகிற சின்னக் கட்டடம் அது.

மீர் ஜும்லா அதிக காலம் இங்கே இருக்கவில்லை. சுல்தானோடு பகை முற்றி, 1650களின் நடுவில் முகலாயர் பக்கம் தாவினார். ஔரங்கசீப்புக்கு வலக்கையாகி, வங்காளத்தின் ஆளுநராகி, அசாம் படையெடுப்பில் உடல் கெட்டு 1663இல் இறந்தார். கோட்டை கைமாறிக்கொண்டே போனது. கோல்கொண்டா, முகலாயர், கடப்பா நவாப்புகள், மைசூர், நிஜாம். 1800இல் நிஜாம் இந்த மாவட்டங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்கு வரி வேண்டும், மலை வேண்டாம். அரசு அலுவலகமும் சந்தையும் சமவெளியில் இருக்கிறபோது மேலே யார் ஏறுவார்கள்? கண்டிக்கோட்டை போரில் இடிந்ததைவிட வேலையில்லாமல் இடிந்ததுதான் அதிகம். கொஞ்சம் குடும்பங்கள் மட்டும் போகவே இல்லை. இன்றும் மதிலுக்குள்ளே ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது, ஆடு மேய்கிறது, வீட்டுச் சுவர்களில் கோட்டைக் கல் தெரிகிறது.

போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து மும்பைப் பாதையில் போகும் ரயிலில் கடப்பாவில் இறங்கி, ஜம்மலமடுகு வந்து, ஆட்டோவோ பேருந்தோ பிடிக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது. ஏப்ரல், மே பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். விளிம்பில் பெரும்பாலும் தடுப்பு கிடையாது, காலடியில் கல் ஆடும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையில் வாசலிலிருந்து நடந்து தொடங்கி, மதிலை ஒட்டியே சுற்றி, மாலையில் ஆற்றுக்கு வந்து சேருங்கள்.

அந்த மாலையில் கீழே தெரிகிற தண்ணீரும் பழைய தண்ணீர் இல்லை. பள்ளத்தாக்குக்குக் கீழே மைலவரம் அணை. மேலே, ஆறு மலைக்குள் நுழைகிற இடத்தில், கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம். கொள்ளளவு 26.85 டி.எம்.சி., ஏழு செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு மேல். அதை நிரப்புவது பெரும்பாலும் பென்னா அல்ல, ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியாக வருகிற கிருஷ்ணாவின் வெள்ளநீர். அது ஏறியபோது கொண்டாபுரம் வட்டாரத்தில் ஊர்கள் மூழ்கின, ஆட்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். மலையில் ஆறு போட்ட உடைப்பை இப்போது கதவு வைத்து அடைத்திருக்கிறார்கள். விளிம்பில் நின்று நாம் படம் எடுக்கிற அன்று பள்ளத்தாக்கில் தண்ணீர் இருக்குமா, மணல் இருக்குமா என்பதை அந்தக் கதவுகளும் மைலவரமும்தான் தீர்மானிக்கின்றன. நான் கடைசியாகப் போன அன்று பச்சையாக, அசையாமல், கொஞ்சம்தான் இருந்தது.